லீவும் விடுதலையும்

வேலையை விட்டால்தான் எழுத முடியும் என்ற வாதம் நம் வட்டத்தில் மறுபடி கிளம்பியிருக்கிறது. ஆபீஸ் படைப்பாளியைக் கொல்கிறதாம். அன்றாடம் சிருஷ்டிக்குச் சத்ருவாம். பாங்க் கவுண்டரில் உட்காரும் என்னிடம் இதை அனுதாபத்தோடு சொல்கிறார்கள். அனுதாபம் எனக்கு வேண்டாம். வாதம் தவறு.

இவர்கள் சாட்சிக்கு அழைப்பது எலியட்டை. 1917இல் லண்டன் லாயிட்ஸ் பாங்கில் சேர்ந்தவர் எட்டு வருஷங்கள் அங்கே இருந்தார். 30 பேர் ஆளுக்கு வருஷம் 10 பவுண்டு கொடுத்து அவரை மீட்பது என்று 1922இல் எஸ்ரா பவுண்ட் திட்டம் போட்டார். இதைச் சொல்லி உருகுகிறவர்கள், அந்தத் திட்டம் எலியட்டைச் சங்கடப்படுத்தியதையும் அது நிறைவேறாததையும் சொல்வதில்லை. 1925இல் பாங்கை விட்டு அவர் போனது ஒரு பதிப்பகத்துக்கு. அதுவும் ஆபீஸ்தான்.

1921இல் கிடைத்த மூன்று மாத லீவில்தானே ‘பாழ்நிலம்’ உருப்பெற்றது என்பார்கள். உண்மை. உடல்நிலைக்காக பாங்க் கொடுத்த லீவு அது. ஆனால் அந்தக் கவிதையில் லண்டன் பாலத்தைக் கடந்து கிங் வில்லியம் தெருவில் இறங்கும் கும்பல், காலையில் வேலைக்குப் போகும் கும்பல். லீவு நேரத்தைத் தந்தது. அந்தக் கும்பலைத் தந்தது ஆபீஸுக்குப் போகும் வழி.

கல்வி விஷயத்துக்கும் இதே ஆளைப் பார்க்கலாம். 1916 முதல் 1919 வரை சௌத்தாலில் வேலைக்குப் போகிறவர்களுக்கு அவர் மாலை வகுப்பு எடுத்தார். மூன்றாம் வருஷப் பாடம் எலிசபெத் காலத்து இலக்கியம். அக்காலத்து நாடகாசிரியர்களைப் பற்றிய அவருடைய கட்டுரைகளுக்குப் பின்னால் இந்த உழைப்பும் இருக்கிறது. படித்தால் சுயம் கெட்டுவிடும் என்று உள்ளொளிக்குக் காத்திருக்கும் நம் கவிகள் இதைக் கவனிக்கலாம். படிக்காதவனின் சுயம் என்பது, தனக்கு முன்னால் யார் எழுதினார்கள் என்று தெரியாமல் இருப்பதுதான்.

அசோகமித்திரன் 1966இல் ஜெமினி ஸ்டூடியோ வேலையை விட்டார் என்பது இவர்களுடைய அடுத்த ஆதாரம். விட்ட பிறகு எழுதிய ‘கரைந்த நிழல்கள்’ எதைப் பற்றியது? சினிமாத் தொழிலின் அன்றாடத்தைப் பற்றியது. வேலையை விட்டவர் அன்றாடத்தை விடவில்லை.

வேலையை விடுவது ஒருவருடைய உரிமை. அதற்குத் தத்துவக் கிரீடம் சூட்டுவதைத்தான் மறுக்கிறேன். சுதந்திரப் படைப்பாளியின் வீட்டிலும் தினம் உலை கொதிக்கிறது. அது பெரும்பாலும் மனைவியின் சம்பளத்தில், அல்லது அப்பாவின் பென்ஷனில். இரண்டும் போதாதபோது நகைக் கடன். வளையலைக் கழற்றிக் கவுண்டரில் வைக்கிற பெண்களைத் தினமும் பார்க்கிறேன். ஒருவனுடைய சுதந்திரத்துக்கு இன்னொருத்தியின் கை வெறுமையாகிறது என்றால், அதைச் சுதந்திரம் என்று சொல்லக் கொஞ்சம் கூச்சமாவது வேண்டும். அவளுக்கும் எழுத ஆசை இருந்தால்? அவளுக்கு லீவு யார் தருவது? இந்தக் கேள்வியைத் தொடாத சுதந்திர விசாரம் வெறும் பாவனை.

எழுத்துக்கு வேண்டிய சுதந்திரம் வேறு. பாராட்டுக் கிடைக்கும் என்று தெரிந்ததை எழுதாமல், பார்த்ததை எழுதுவது. நண்பனின் கவிதை மோசமாக இருந்தால் மோசம் என்று அவனிடமே சொல்வது. நாம் மதிக்காத தொகுப்புக்கு முன்னுரை கேட்டால் மறுப்பது. இவற்றுக்கு யாரும் ராஜினாமா செய்ய வேண்டியதில்லை. ஆபீஸ் முடிந்து வந்து செய்யலாம். நம் வட்டத்தில் ஆள் குறைவாக இருப்பது இதற்குத்தான்.