ஜவ்வாது மலைக் குக்கிராமங்களுக்குச் சாலையும் மின்சாரமும் கோரி மனு

அனுப்புநர்
தலைவர் மற்றும் உறுப்பினர்கள்,
மலைக் கிராம விவசாயிகள் சங்கம்,
ஜமுனாமரத்தூர் வட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
திருவண்ணாமலை.

பொருள்: குக்கிராமங்களுக்கு இணைப்புச் சாலை, மும்முனை மின்சாரம் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

சாமை, புளி, பலா, கடுக்காய், தேன் ஆகியவையே எங்கள் பிழைப்பு. மண் எங்களைக் கைவிடவில்லை; விலையில்தான் அடிபடுகிறோம். எங்கள் ஊர்களிலிருந்து தார்ச் சாலைக்கு 3 கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதை. தலைச்சுமையாக மூட்டையைக் கொண்டுவந்து இறக்கினால், தராசை எடுக்கும் முன்பே வியாபாரி விலையைச் சொல்லிவிடுகிறார். கட்டுப்படியாகவில்லை என்று அதைத் திரும்பச் சுமந்து யார் மலை ஏறுவது? அது அவருக்கும் தெரியும். பலாவுக்கு அந்த விலைகூட இல்லை. சுமைகூலி பழத்தின் விலையைத் தாண்டுவதால் மரத்தடியிலேயே அழுகுகிறது.

அரவை இயந்திரம் ஓட மும்முனை மின்சாரம் வேண்டும். அது இல்லாததால் சாமையை உமியோடு விற்கிறோம். அதே சாமை அரிசியாகி அடிவாரக் கடையில் இருக்கும்போது, விலை கேட்கவே தயக்கமாக இருக்கிறது.

வருமானம் போதாத வீடுகளில் ஆண்கள் கூலி தேடி மேஸ்திரி கைகாட்டும் இடத்துக்குப் போகிறார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லிச் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரில் எங்கள் மலைக்காரர்களும் இருந்ததைத் தாங்கள் அறிவீர்கள்.

சாலை கேட்டால் வன நிலம் என்ற பதில் வருகிறது. ஆனால் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, கிராம சபை பரிந்துரைத்தால், சாலை, மின்கம்பி உள்ளிட்ட பணிகள் ஒவ்வொன்றுக்கும் 1 ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தை ஒதுக்க வழிசெய்கிறது; ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது. 3 மீட்டர் அகலத்தில் 3 கிலோமீட்டர் போட்டால் 0.9 ஹெக்டேர்தான். பாதையை நாங்களே நாடா பிடித்து அளந்துவிட்டோம்.

ஆகவே வனத்துறை, ஊரக வளர்ச்சித் துறை, மின்வாரிய அலுவலர்கள் தனித்தனியே கடிதம் எழுதிக்கொள்ளாமல், ஒரே நாளில் வந்து கூட்டாகத் தணிக்கை செய்ய உத்தரவிட வேண்டுகிறோம். சாலை முடியும் வரை, அறுவடைக் காலத்தில் வாரம் ஒருநாள் பாதை முகப்பில் எடைபோட்டு வாங்கக் கொள்முதல் வண்டியாவது அனுப்பித் தர வேண்டும். கிராம சபைத் தீர்மானம் இணைக்கப்பட்டுள்ளது.

தாங்களும் நேரில் வருவதானால் காலை 6 மணிக்கே நடக்கத் தொடங்குவது நல்லது. வழிகாட்ட பாதை முகப்பில் காத்திருப்போம்.

இப்படிக்கு,
தலைவர் மற்றும் உறுப்பினர்கள்