கூலிங் பேப்பரும் என் பழைய வேகன் ஆரும்

என் இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினால் வலது கை ஒரு சாயல் கருப்பாக இருக்கும். பல வருடம் கார் ஓட்டிய சம்பளம் அது. முன் கண்ணாடி இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்து ஒட்டிச் செய்வது. புற ஊதாக் கதிரை அது பெரும்பாலும் தடுத்துவிடும். பக்கக் கண்ணாடி அப்படி அல்ல. பழைய வண்டியில் கேட்கவே வேண்டாம்.

என் வண்டி 2008 மாடல் வேகன் ஆர். 2016-ல் என் மனைவிக்குத் தோலில் ஒரு தொந்தரவு வந்து, வெயில் ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாதம் ஒருமுறை கோவையிலிருந்து திருப்பூருக்கு மகள் வீட்டுக்குப் போவோம். துப்பட்டாவைக் கண்ணாடியில் செருகிக்கொண்டு அவர் உட்கார்ந்து வருவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. கூலிங் பேப்பர் ஒட்டும் கடைக்குப் போனேன்.

"ஐம்பது பர்சென்ட் சார், லீகல்தான்" என்றார் கடைக்காரர். நானும் நம்பி ஒட்டிக்கொண்டேன். முப்பது வருடம் கணக்கு எழுதிப் பிழைத்தவன், அன்றைக்கு ஒரு பெருக்கல் போட்டுப் பார்க்கவில்லை.

மோட்டார் வாகன விதி 100 சொல்வது, முன், பின் கண்ணாடிகள் வழியே 70 சதவீத வெளிச்சமாவது உள்ளே வரவேண்டும், பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதமாவது வரவேண்டும். இது கண்ணாடியும் தாளும் சேர்ந்த மொத்தக் கணக்கு. லேசான பச்சை சாயம் உள்ள கண்ணாடி தானாகவே சுமார் 75 சதவீதம்தான் விடும் என்று வையுங்கள். அதன்மேல் ஐம்பது சதவீதத் தாளை ஒட்டினால் 75-ல் பாதி, 37.5. சட்டப்படி வேண்டிய ஐம்பதுக்கு நாம் எங்கோ கீழே நிற்கிறோம். பக்கத்துக்கே 67-க்குக் குறையாத தாள் வேண்டும். முன் கண்ணாடியில் 70 நிற்க வேண்டுமானால் 93 சதவீதத் தாள் வேண்டும். கண்ணுக்கே தெரியாத ஒன்றைத்தான் ஒட்ட முடியும்.

சரி, கணக்குச் சரியாக வந்தால் ஒட்டலாமா? 2012 ஏப்ரல் 27-ல் உச்ச நீதிமன்றம் கூடாது என்றது. தொழிற்சாலையிலேயே கண்ணாடிக்குள் இருக்கும் சாயம் வேறு, பிறகு மேலே ஒட்டும் தாள் வேறு. தாள் எத்தனை சதவீதமானாலும் கூடாது என்று தீர்ப்பு. அந்த மே மாதம் சிக்னலுக்கு சிக்னல் போலீஸ்காரர்கள் நிறுத்திக் கிழித்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பிறகு விதியைத் திருத்தினார்கள், 2021 ஏப்ரல் முதல் அமல். அதை வைத்து 2024 செப்டம்பரில் கேரள உயர்நீதிமன்றம், 70-50 கணக்குக்குள் அடங்கினால் தாள் ஒட்டலாம் என்றது. ஆனால் அந்தத் தீர்ப்பை வாளையாருக்கு இந்தப் பக்கம் போலீஸ்காரரிடம் நீட்டி வாதாடும் தெம்பு எனக்கில்லை.

சட்டத்துக்குப் பயந்து நான் தாளை எடுக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2022 டிசம்பரில் ஒரு நாள், பொழுது இறங்கி விளக்குப் போடும் நேரம். எங்கள் தெருவுக்குள் இடது பக்கம் திரும்பினேன். டொம் என்று ஒரு சத்தம். சைக்கிளில் வந்த பால்காரர் பக்கவாட்டில் மோதி விழுந்து கிடந்தார். முழங்கால் சிராய்த்து ரத்தம். நல்லவேளை அதோடு போயிற்று. நான் அவரைப் பார்க்கவே இல்லை. இடது கண்ணாடி முழுக்க ஒரே ஊதா இருட்டு. அவர் கோபப்படவில்லை. "ஐயா என்னப் பாத்துட்டீங்கன்னு நெனச்சுட்டனுங்க. உள்ள யாரு இருக்கறாங்கன்னே தெரியலீங்க" என்றார்.

அந்த வார்த்தைதான் உறுத்தியது. நம் ஊரில் பாதி போக்குவரத்து கண் ஜாடையில்தானே நடக்கிறது? நீ போ, நான் நிற்கிறேன் என்று ஒரு தலையசைப்பு. கருப்புத் தாள் அதைத் துண்டித்துவிடுகிறது. அதுவும் அறுபதைத் தாண்டிய கண்ணுக்கு! பாப்பா சுருங்கி, லென்ஸ் மஞ்சளாகி, உள்ளே போகிற வெளிச்சமே குறைந்து கிடக்கிறது. அதற்கு மேல் காசு கொடுத்து இன்னொரு திரை போட்டுக்கொண்டிருந்தேன். அதனால் என் வயதுக்காரர்கள் யாராவது கேட்டால், கேரளத் தீர்ப்பே இங்கே வந்தாலும் கருப்பு வேண்டாம் என்றுதான் சொல்வேன். சூட்டைத் தடுப்பதற்கும் கருப்புக்கும் சம்பந்தம் குறைவு. புற ஊதாவைத் தடுக்கும் தாள் ஏறக்குறைய நிறமே இல்லாமலும் கிடைக்கிறது. மலிவுச் சாயத் தாள் இருட்டைத்தான் தரும், நாலு வருடத்தில் ஊதாவாகிக் கொப்புளித்தும் போகும்.

அடுத்த வருடம் பதினைந்து வருடம் முடிந்து எஃப்.சி. காட்ட வேண்டியிருந்தது. பிரேக் இன்ஸ்பெக்டர் சொல்லும்வரை காத்திருக்காமல் நானே ஹேர் டிரையரால் சூடு காட்டி உரித்தேன். பசையை சோப்புத் தண்ணீர் போட்டு எடுக்க இரண்டு நாள் ஆனது. பின் கண்ணாடியில் பனி போக்கும் கம்பிக் கோடு உள்ள வண்டியானால் பிளேடு வைக்காதீர்கள், கோடு அறுந்துவிடும்.

வெயிலுக்கு என்ன செய்கிறார் என்று கேட்பீர்கள். ஸ்கூட்டர் ஓட்டும் பெண்கள் தோள்வரை போடும் பருத்திக் கையுறை, டாக்டர் எழுதிக் கொடுத்த களிம்பு. வலையைக் கண்ணாடியில் மாட்டுவது வண்டி நிற்கும்போது மட்டும். திருப்பூருக்குக் காலை ஆறரைக்கே கிளம்பிவிடுகிறோம். போகும்போது வெயில் எதிரே, இன்னும் இளசு. வரும்போது சாயங்காலம் அதே கதை. "ஏனுங்க, இத அப்பவே பண்ணிருக்கலாமில்ல?" என்று கேட்டார். காசு எவ்வளவு கொடுத்தேன் என்பதை மட்டும் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.