ஈரலுக்கும் ஒரு திகதி போடுங்கோ

பிள்ளைக்குத் தடுப்பூசித் திகதி தவறினால் குடும்பநல உத்தியோகத்தர் படலையில வந்து நிற்பா. 35 வயதான பெண்களைச் சுகவனிதையர் கிளினிக்குக்கு வரச்சொல்லிக் கேட்பா. இந்த நாட்டுச் சுகாதாரத்துறைக்கு ஆக்களைத் தேடிப்பிடிக்கத் தெரியாது எண்டு ஆரும் சொல்லேலாது. அப்ப ஈரல் சிரோசிஸ் வந்தவரை மட்டும் ஏன் "வருத்தம் கூடினா வாங்கோ" எண்டு அனுப்பிறியள்?

என்ர பெரியப்பாவை அப்பிடித்தான் அனுப்பினவை. கிளினிக் கொப்பியில சுகர், பிறஷர், மருந்து எல்லாம் ஒழுங்கா இருந்தது. சிரோசிஸ் எண்டும் எழுதியிருந்தது. அடுத்த ஸ்கான் எப்ப எண்டு மட்டும் இல்லை. இரண்டு வருசம் கழிச்சு வயிறு வீங்கின பிறகுதான் ஸ்கான் செய்தது. அப்ப கட்டி வெட்டக்கூடிய கட்டத்தைத் தாண்டியிருந்தது.

ஈரல் புற்றுநோய் சின்னதா இருக்கேக்க நோகாது. நோகத் தொடங்கேக்க பெரும்பாலும் பிந்திப்போயிருக்கும். ஆனா அது கூடுதலா ஆருக்கு வரும் எண்டு முதலே தெரியும்: சிரோசிஸ் உள்ளவை, நாட்பட்ட ஹெப்படைட்டிஸ் பி உள்ள பலர். அவைக்கு 6 மாதத்துக்கு ஒருக்கா அல்ட்ராசவுண்ட் ஸ்கான் செய்யச்சொல்லித்தான் ஐரோப்பிய, அமெரிக்க ஈரல் மருத்துவச் சங்கங்கள் சொல்லுது. சின்னதிலயே பிடிபட்டால் வெட்டி எடுக்கலாம், சுட்டு அழிக்கலாம், சிலருக்கு ஈரலையே மாற்றலாம்.

ஷங்ஹாயில ஹெப்படைட்டிஸ் பி தொற்றோ நாட்பட்ட ஈரல் அழற்சியோ இருந்த கிட்டத்தட்ட 19,000 பேரை இரண்டு குழுவாப் பிரிச்சுப் பார்த்தவை. 6 மாதத்துக்கு ஒருக்கா ஸ்கானும் ஏ.எப்.பி. இரத்தப் பரிசோதனையும் செய்த குழுவில ஈரல் புற்றுநோய் மரணம் 37 வீதம் குறைவு எண்டு 2004இல் முடிவு வந்தது. அழைச்ச தடவைகளில 60 வீதத்துக்குக்கூட ஆக்கள் வராமலே இந்தப் பலன்.

"ஸ்கான் பிழைவிடும்" எண்டு சொல்லுவினம். உண்மை. ஸ்கானை மட்டும் நம்பினால் சிரோசிஸ்காரரின்ர ஆரம்பக் கட்டிகளில பாதிக்குமேல தப்பிப்போகலாம். பருத்த உடம்பில ஈரல் தெளிவாத் தெரியாது. சிலருக்கு வீண்பயமும் மிஞ்சும். சிரோசிஸ்காரரை மட்டும் வைச்சு ஷங்ஹாய் மாதிரிப் பெரிய ஆய்வும் நடக்கேல்ல. அதுக்காக விட்டுவிடுறதா? ஏ.எப்.பி.யையும் சேர்த்து, தவறாமல் திரும்பத் திரும்பச் செய்யவேணும்.

"குடிச்சவன் அனுபவிக்கட்டும்" எண்டது இன்னும் மோசமான கதை. பெரியப்பா சாராயத்தைத் தொட்டதே இல்லை. அவருக்கு இருந்தது சலரோகமும் கொழுப்பு ஈரலும். ராகமையில நடந்த ஒரு ஆய்வில வளர்ந்தவர்களில மூண்டில ஒரு பங்கினருக்குக் கொழுப்பு ஈரல் இருந்தது. எல்லாருக்கும் சிரோசிஸ் வராது. ஆனா வரப்போற ஆக்கள் எங்கட கிளினிக் வாங்குகளிலதான் இருக்கினம். குடிச்சவர் எண்டாலும் என்ன? மோட்டார் சைக்கிளால விழுந்தவரிட்ட ஹெல்மெட் போட்டனியோ எண்டு கேட்டுப்போட்டோ காயத்தைத் தைக்கிறவை?

இதுக்குள்ள சுகமா இருக்கிறவைக்கு "முழு உடல் பரிசோதனைப் பொதி" எண்டு ஸ்கானை விக்கினம். காசுள்ள சுகதேகிக்கு ஸ்கான், சிரோசிஸ்காரருக்குக் காத்திருப்பு. இந்தத் தலைகீழ்க் கணக்கைத்தான் எதிர்க்கவேணும்.

நாங்கள் கேக்கிறது புது மெஷின் இல்லை. கிளினிக்கில சிரோசிஸ்காரரின்ர ஒரு பட்டியல், கொப்பியில அடுத்த ஸ்கான் திகதி, வராட்டில் ஒரு போன். இவ்வளவுதான்.

இண்டைக்கு இரவு வீட்டில இருக்கிற கிளினிக் கொப்பியை எடுத்துப் பாருங்கோ. சிரோசிஸ் எண்டு இருந்து திகதி இல்லாட்டில், அடுத்த கிளினிக்குக்கு நீங்களும் கூடப் போங்கோ. திகதி போடாமல் எழும்பாதேங்கோ.