அமர்த்துவோர் யார்?

இக்காலக் கிரேக்க மொழியைக் கற்கத் தொடங்குவோர் விரைவிலேயே எதிர்கொள்ளும் வினைச்சொல் ஒன்று உண்டு: 'ப்ரோஸ்லீஃப்திகா'. 'வேலைக்கு எடுக்கப்பட்டேன்' என்பது அதன் பொருள். நாமோ 'எனக்கு வேலை கிடைத்தது' என்கிறோம், வழியில் கிடந்த நாணயம் கைக்கு வந்ததுபோல! கொடுத்தவர் அவ்வாக்கியத்தில் இல்லை. எனவே, கொடுக்க மறுத்தவரும் இல்லை. கிரேக்கச் செயப்பாட்டுவினை பெயரைச் சொல்லாவிடினும், எடுத்தவர் ஒருவர் உண்டு என்பதைத் தன் வடிவிலேயே தாங்கி நிற்கிறது.

இதை வெறும் இலக்கண நுணுக்கம் என்று ஒதுக்குவதற்கில்லை. 'மனமிருந்தால் வேலை கிடைக்கும்' என்னும் கண்டிப்பைத் திண்ணையில் மட்டுமன்று, சில வேளைகளில் மறையுரையிலும் கேட்கிறோம். கேட்டுத் தலையசைக்கவும் செய்கிறோம்.

மத்தேயு நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். மாலை ஐந்து மணிக்கும் சந்தைவெளியில் நின்றவர்களைக் குறிக்கும் 'ஆர்கோஸ்' என்னும் சொல், 'வேலை'யைக் குறிக்கும் 'எர்கோன்' என்பதற்கு எதிர்மறை முன்னொட்டுச் சேர்ந்து பிறந்தது. வேலையற்றவர் என்பதே அதன் அடிப்பொருள். அதில் சோம்பலை ஏற்றிப் படிப்பவர்கள், நாள் முழுவதும் ஏன் நிற்கிறீர்கள் என்ற கேள்விக்கு அவர்கள் தந்த மறுமொழியைச் செவிமடுப்பதில்லை: தங்களை ஒருவரும் அமர்த்தவில்லை என்றார்கள். அங்கு வரும் 'எமிஸ்தோசாதோ' செய்வினையும் அன்று, செயப்பாட்டுவினையும் அன்று, இரண்டுக்கும் இடைப்பட்டது. அவ்வினையின் செய்வினை வடிவத்துக்குக் கூலிக்கு விடுதல் என்று பொருள். இடைநிலை வடிவத்துக்கோ தனக்கென அமர்த்திக்கொள்ளுதல் என்று பொருள். நம் 'கொள்' என்னும் துணைவினை அதற்கு எவ்வளவு பொருத்தம்! கொள்பவன் எவனும் வரவில்லை என்பதே அவர்களின் வழக்கு. தோட்டக்காரர் அதை மறுக்கவில்லை. அவர்களையும் தோட்டத்துக்கு அனுப்பினார்.

அம்மொழி வழங்கும் நாட்டிலேயே, 2013இல், வேலை செய்வோரும் தேடுவோருமாகிய 100 பேரில் ஏறத்தாழ 27 பேர் வேலையின்றி இருந்தனர். கடன் நெருக்கடி மிகுந்த அந்த ஆண்டுகளில் அவர்களைச் சோம்பேறிகள் என்று வெளிநாட்டார் பலர் ஏசினர். ஆனால், வேலை செய்ய விரும்பாதவனுக்கு 'ஆயெர்கோஸ்' என்றும், வேலை கிட்டாதவனுக்கு 'ஆனெர்கோஸ்' என்றும் வெவ்வேறு சொற்களை வைத்திருக்கும் மக்கள் அவர்கள். ஏசியவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன போலும்.

மீண்டும் முதற்சொல்லுக்கு வருவோம். அதன் மூலவினை 'ப்ரோஸ்லம்பானோ', தன்னிடம் சேர்த்துக்கொள்ளுதல். ஏதென்சில் பணியமர்த்தலைக் குறிக்க இன்று வழங்கும் 'ப்ரோஸ்லிப்ஸி' அதே வேரினது. உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 15ஆம் அதிகாரத்தில், ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்ளும்படி கேட்கும் தூய பவுல் இவ்வினையையே ஆளுகிறார். அடிமையாகிய ஒனேசிமுக்காகப் பிலமோனிடம் பரிந்து பேசும்போதும் இதே வினைதான். அவனைத் தம்மையே ஏற்பதுபோல ஏற்கக் கேட்ட பவுல், அவன் பட்ட கடன் ஏதேனும் இருந்தால் அதைத் தம் கணக்கில் எழுதிக்கொள்ளச் சொன்னார்.