‘யோசனை கூடிப்போச்சு’: உளவியல் மாணவர் கேட்க வேண்டிய தமிழ்

கண்டியிலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் பஸ் கெட்டம்பேயைக் கடந்துதான் போக வேண்டும். அங்கேதான் பூச்சிகொல்லிப் பதிவாளர் அலுவலகம் இருக்கிறது. விவசாயத் திணைக்களத்தைச் சேர்ந்த அந்த அலுவலகத்துக்கும், கலைப்பீடத்தில் உளவியல் படிக்கப் போகும் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நிறையவே இருக்கிறது.

1995இல் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் உயிரிழந்தார்கள். உலகின் மிக உயர்ந்த விகிதங்களில் அது ஒன்று. அடுத்த பத்து ஆண்டுகளில் அந்த எண் ஏறக்குறையப் பாதியானது. போர், வேலையின்மை, மதுப் பாவனை என்று வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்களால் இந்தச் சரிவை விளக்க முடியவில்லை என்று 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. கடும் நஞ்சுள்ள பூச்சிகொல்லிகளுக்கு 1995இலும் 1998இலும் வந்த தடைகளோடு அது பொருந்தியது. நெருக்கடி வந்த அந்தக் கணத்தைத் தாண்டிவிட்டால் பலர் மீண்டுவிடுகிறார்கள் என்பதை இந்தத் தீவு உலகுக்குச் சொல்லிக் கொடுத்தது.

உளவியல் பட்டப்படிப்பில் சேரும் பலருக்கு முதலாமாண்டில் முகம் சுருங்குவது புள்ளிவிவரப் பாடத்தைப் பார்த்துத்தான். உயர்தரத்தில் கலைப்பிரிவு எடுத்தவர்கள், கணக்கை விட்டு வந்துவிட்டோம் என்று நினைத்திருப்பார்கள். வீட்டிலோ, “என் மனசுல என்ன இருக்குன்னு சொல்லு பார்ப்போம்” என்று மாமாவும் சித்தியும் கேட்பார்கள். மனத்தைப் படிக்கும் மந்திரம் எந்தப் பாடத்திட்டத்திலும் கிடையாது. ஆயிரக்கணக்கான உயிர்கள் எதனால் காப்பாற்றப்பட்டன என்று ஊகத்தை விலக்கி எண்ணிப் பார்க்கும் பழக்கம் அந்தப் படிப்பில் கிடைக்கும். பட்டத்தின் பாதி மதிப்பு அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

மீதிப் பாதி மொழியில் இருக்கிறது. பேராதனையில் உளவியல் நெடுங்காலம் தத்துவத்தோடு ஒரே கூரையின் கீழ் வளர்ந்தது. ‘மனமே’ நாடகத்தைத் தந்த எதிரிவீர சரச்சந்திர, புலனறிவு பற்றிய பௌத்த உளவியலை ஆராய்ந்து 1958இல் நூலாக வெளியிட்டவர். பத்மசிறி டி சில்வா பௌத்தத்தையும் ஃபிராய்டையும் ஒன்றாக வைத்து எழுதினார். பேராதனையில் சமூகவியல் கற்பித்த கணநாத் ஒபேசேகர 1985இல் இன்னும் கூர்மையான கேள்வியை எழுப்பினார். மேலைநாட்டு மருத்துவர் மனச்சோர்வு என்று பெயரிடும் அதே அறிகுறிகளை, வாழ்வு துக்கம் என்று உணர்ந்த ஞானமாக ஒரு பௌத்தர் காணக்கூடும். அப்படியானால் அதை நோய் என்று சொல்வது யார் என்பது அவர் கேள்வி. சிங்கள பௌத்த உலகம் தன் சொற்களோடு இந்தத் துறைக்குள் நுழைந்துவிட்டது. அது பெருமைக்குரிய மரபு. மலையகத் தமிழின் சொற்களுக்கும் அதே அளவு உழைப்பைத் தர வேண்டிய நேரம் இது.

2012 குடிசன மதிப்பீட்டின்படி கண்டி மாவட்டத்தில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் தமிழர் அல்லது முஸ்லிம். அக்குறணையில் கடை வைத்திருப்பவரும் தெல்தோட்டையில் கொழுந்து பறிப்பவரும் இதில் அடக்கம். மனம் கனக்கும்போது இவர்கள் என்ன சொல்கிறார்கள்? ‘மனச்சோர்வு’ என்ற சொல் பாடநூலில் இருக்கிறது. தோட்டத்து லயத்தில் அதைக் கேட்க முடியாது. “யோசனை கூடிப்போச்சு”, “நெஞ்ச அடைக்குது”, “ஒடம்பெல்லாம் வலி” என்பார்கள். யாழ்ப்பாணத்தில் “கனக்க யோசிக்கிறா” என்பார்கள். இலங்கைத் தமிழில் யோசனை என்பது சிந்தனை மட்டுமில்லை, கவலையும்தான். அதனால்தான் ஆறுதல் சொல்பவர் “யோசிக்காதீங்க” என்கிறார். தமிழ்நாட்டில் அச்சான மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு வரும் மாணவருக்கு, “யோசனை” என்று சொன்னவர் ஏதோ திட்டம் போடுகிறார் என்றுகூடத் தோன்றலாம். இன்னொரு சொல்லும் இருக்கிறது: அங்கொடை. மனநல மருத்துவமனை இருக்கும் ஊரின் பெயரே வசைச்சொல்லாகிவிட்ட நாட்டில், உதவி கேட்டு வருபவர் நெஞ்சுவலி என்றுதான் பேச்சைத் தொடங்குவார்.

உலகெங்கும் மனச்சோர்வை அறியப் பயன்படும் ஒன்பது கேள்விப் படிவம் ஒன்று உண்டு. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்கும். கூட்டினால் 0 முதல் 27 வரை புள்ளி வரும். அதில் ஏழாவது கேள்வி கவனம் பற்றியது: பத்திரிகை வாசிக்கும்போதோ தொலைக்காட்சி பார்க்கும்போதோ மனம் ஒருமுகப்படச் சிரமமாக இருக்கிறதா? விடியுமுன் எழுந்து ரொட்டி சுட்டு வைத்துவிட்டு மலையேறும் பெண்ணிடம் இதைக் கேட்டால் என்ன பதில் வரும்? அவருடைய கவனம் சரிவில் கால் வைக்கும் இடத்திலும், முத்தல் இலை கலக்காமல் பறிக்கும் விரலிலும் இருக்கிறது. மனம் குலைந்தால் அது முதலில் கூடையில் தெரியும். கொழுந்து குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர், அதாவது அரை நாள் கூலி. “இந்த ரெண்டு கிழமையில எத்தன நாள் அரைப்பேர் விழுந்துச்சு, முன்னாடி அப்படி விழுமா?” என்று கேட்கத் தெரிந்தவருக்கு, அச்சடித்த ஏழாவது கேள்வி தராத விடை கிடைக்கலாம்.

இது வீண் கற்பனையில்லை. இதே பேராதனையில் மனநல மருத்துவத் துறையினர், இலங்கை மக்கள் துயரத்தைச் சொல்லும் விதத்துக்கு ஏற்ப ஒரு மனச்சோர்வு அளவுகோலை உருவாக்கிச் சரிபார்த்து, 2012இல் வெளியிட்டார்கள். ‘பேராதனை மனச்சோர்வு அளவுகோல்’ என்றே அதற்குப் பெயர். வழி தெரிந்த ஊர் இது. மலையகத் தமிழுக்கென்று அதே வேலையைச் செய்வது ஒரு மாணவர் தனியாக முடிக்கும் காரியமில்லை. ஆனால் நாலாமாண்டு ஆய்வேட்டில் அதன் முதல் படியை ஏறலாம். சொற்களைத் திரட்டலாம், எந்தச் சொல் எந்த வலியைக் குறிக்கிறது என்று கேட்டு எழுதலாம்.

உலக அளவில் பார்த்தாலும் இந்த வேலைக்கு மதிப்பு உண்டு. முன்னணி உளவியல் ஆய்விதழ்களில் ஆராயப்பட்டவர்களில் 96 சதவீதம் பேர் மேலைநாட்டுத் தொழில்வள நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்று 2008இல் ஜெஃப்ரி ஆர்னெட் கணக்குக் காட்டினார். அந்த நாடுகளில் வாழ்வது உலக மக்களில் 12 சதவீதம்தான். மனித மனம் என்று பாடநூலில் மாணவர் படிப்பதில் பெரும்பகுதி அந்த 12 சதவீதத்தின் மனம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. கண்டி நகரில் உளவியல் பட்டம் தருவதாக விளம்பரம் செய்யும் தனியார் நிறுவனங்கள் உண்டு. பணம் கட்டுமுன் அந்தப் பட்டத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று பார்க்க வேண்டும். முதற்பட்டம் மட்டும் ஒருவரைச் சிகிச்சை உளவியலாளர் ஆக்காது; மேற்படிப்பும், மூத்தவரின் மேற்பார்வையில் பயிற்சியும் வேண்டும். பாடசாலையிலோ பிரதேச செயலகத்திலோ உளவளத்துணைப் பணிக்குப் போகலாம், மனிதவளத் துறைக்குப் போகலாம், ஆய்வுக்கும் போகலாம். எங்கே போனாலும் எதிரே உட்காருபவர் தம் தாய்மொழியில் அழுவார். தமிழில் நேர்காணல் செய்யும் பயிற்சி உண்டா என்று சேரும்போதே கேட்பது பெற்றோரின் உரிமை. பல்கலைக்கழகங்களும், தமிழ் மாணவர் சிங்களத்திலும் சிங்கள மாணவர் தமிழிலும் பத்து நிமிடமாவது ஒருவரின் துயரத்தைக் கேட்டு விளங்கிக்கொள்ளும் பயிற்சியைக் கட்டாயமாக்க வேண்டும். இப்போதே மனம் தாங்காமல் தவிப்பவருக்கு 1926 என்ற தேசிய மனநல உதவி எண் இருக்கிறது. அந்த அழைப்பைத் தமிழில் எடுப்பதற்கும் படித்த ஆட்கள் வேண்டும்.

கலஹா சந்தியில் மாணவர்கள் பல்கலைக்கழகத்துக்கு இறங்குகிறார்கள். அங்கே இறங்காமல் மலைப்பக்கம் போகும் பஸ்ஸில் தொடர்ந்தால் கலஹா, தெல்தோட்டை என்று தேயிலைக்குள் ஏறலாம். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரை அந்தப் பக்கம்தான். வேலை நாளில் போனால் எல்லாரும் மலையில் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை போனால் லயத்து வாசலில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். கேள்விப் படிவத்தைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டு, ஒரு கொப்பியை மட்டும் எடுத்துக்கொண்டு, “யோசனை கூடிப்போச்சுன்னு சொல்றீங்களே அக்கா, அப்படின்னா என்ன செய்யும்?” என்று கேட்கலாம்.