பூட்டில் புதையல் தேடுவோர்

விடுதி நடத்துபவன் தன் அறைகள் என்றும் நிரம்பியிருக்க வேண்டுமென்று ஆசைப்படுவான். ஆசைப்படட்டும், அதனால் வழிப்போக்கனுக்குக் கேடில்லை. நாடகக் கொட்டகைக்காரன் நாற்காலி நிரம்ப வேண்டுமென்று நினைப்பான். நினைக்கட்டும், நாம் விரும்பினால் போவோம், இல்லையேல் வீட்டிலிருப்போம். சிறைச்சாலை நடத்துபவனுக்கும் அதே ஆசை பிறந்தால்? அறை காலியாக இருந்தால் அவனுக்கு நட்டம், ஆள் நிரம்பினால் அவனுக்கு ஆதாயம் என்று ஆகிவிட்டால்?

கற்பனைக் கேள்வி என்று கருத வேண்டாம், தோழர்களே! 2012-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் 48 மாநிலங்களுக்குக் கடிதமொன்று போயிற்று. அனுப்பியது கரெக்‌ஷன்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா எனும் கம்பெனி. கோர்சிவிக் என்று இன்று பெயர் மாற்றிக்கொண்டு உலவுவதும் அதுவே. உங்கள் சிறைகளை எங்களுக்கு விற்றுவிடுங்கள், 25 கோடி டாலர் ஒதுக்கி வைத்திருக்கிறோம் என்றது அக்கடிதம். நிபந்தனைகளும் உடன் வந்தன. 20 ஆண்டுகள் நடத்தும் உரிமை எங்களுக்கு வேண்டும். அந்த 20 ஆண்டுகளும் சிறை 90 விழுக்காடு நிரம்பியிருக்குமென்று நீங்கள் உறுதி தர வேண்டும்.

களவு குறையலாம், கொலை அருகலாம், நாடு திருந்தலாம். அதெல்லாம் அவர்கள் கணக்கில் இல்லை. நூற்றுக்குத் தொண்ணூறு படுக்கை நிரம்பியாக வேண்டும்! வானம் பொய்த்தாலும் கிஸ்தி கட்டு என்றானே அந்நாள் ஜமீன்தார், அவன் பேரப்பிள்ளைகள் இவர்கள். அவன் நெல்லைக் கேட்டான். இவர்கள் ஆளைக் கேட்கிறார்கள்.

அந்தக் கடிதத்தில் கையொப்பமிட்டவர் யாரென்பது கடிதத்தைவிடச் சுவையான செய்தி. ஹார்லி லாப்பின் என்பது அவர் பெயர். 2003 முதல் 2011 வரை அமெரிக்க மத்திய அரசின் சிறைத்துறைக்கே தலைவராக வீற்றிருந்தவர். ஓய்வு பெற்ற சில திங்களுக்குள் கம்பெனியின் உயர் பதவியில் அமர்ந்தார். நேற்றுவரை சிறையைக் காத்த கை, இன்று அதே சிறைக்கு விலை பேசுகிறது. நம் ஊரில் அறநிலையத்துறை அதிகாரி ஓய்வு பெற்ற மறுநாள் கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தால் ஊர் என்ன பேசும்? அங்கே அதற்கு அனுபவம் என்று பெயர்!

தலைமைப் பீடத்திலே அமர்ந்திருப்போரைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். 1983-இல் இக்கம்பெனியைத் தொடங்கியவர் மூவர். அவர்களில் டாம் பீஸ்லி என்பார் டென்னசி மாநிலக் குடியரசுக் கட்சியின் தலைவராக இருந்தவர். கார் விற்பதுபோல, மனை விற்பதுபோல, ரொட்டித் துண்டில் இறைச்சி வைத்து விற்பதுபோல இதையும் விற்கலாம் என்று வாய்விட்டே சொன்னவர். மற்றொருவர் டெரல் டான் ஹட்டோ. அர்கன்சாஸ் மாநிலச் சிறைகளுக்குத் தலைவராக இருந்தவர். அம்மாநிலச் சிறைகளின் கொடுமை குறித்து அமெரிக்க உச்சநீதிமன்றம் 1978-இல் அளித்த தீர்ப்பு ‘ஹட்டோ எதிர் ஃபின்னி’ என்று அவர் பெயராலேயே வழங்குகிறது. அக்கொடுமைகள் அவர் வருமுன்பே அங்கே வேரூன்றியிருந்தன என்பதையும் சொல்லிவிடுவதே நேர்மை. எனினும், அந்தத் தீர்ப்பு வந்து ஐந்தே ஆண்டில் சிறைத் தொழிலுக்குப் பங்கு திரட்டக் கிளம்பியவர்களில் ஒருவராக அவர் இருந்தாரே, அதுதான் வியப்பு.

இன்னொரு பெயரையும் கேளுங்கள். கறுப்பின மக்களின் உரிமைக்காக வாதாடி, அமெரிக்க உச்சநீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியாக உயர்ந்தவர் தர்குட் மார்ஷல். அவர் மகன் இக்கம்பெனியின் இயக்குநர் குழுவிலே பல ஆண்டுகள் இடம்பெற்றார். தந்தையின் புகழை மகன் மறந்தாரா, கம்பெனி விலைக்கு வாங்கியதா என்ற ஆராய்ச்சி நமக்கு வேண்டாம். நல்லவரை நாற்காலியில் உட்கார வைத்தால் எல்லாம் சீராகிவிடும் என்று நம்புவோர் இதனைக் கருத வேண்டும். நாற்காலியின் கால்கள் இலாபத்தில் ஊன்றியிருக்கும்போது, அமர்பவர் எவராயினும் அந்தக் கணக்கைத்தான் படித்தாக வேண்டும்.

போட்டிக் கம்பெனியின் கதையும் இதுவே. உளவுத்துறையிலிருந்து வந்த ஜார்ஜ் வாக்கன்ஹட் என்பவரின் காவல் நிறுவனம் 1984-இல் பெற்ற பிள்ளை அது. 2003 முதல் ஜியோ குரூப் என்று பெயர். தொடக்க நாள் முதல் அதை வளர்த்தவர் ஜார்ஜ் ஜோலி. 2013-இல், தாம் படித்த ஃபுளோரிடா அட்லாண்டிக் பல்கலைக்கழகத்துக்கு 60 இலட்சம் டாலர் தருகிறோம், கால்பந்துத் திடலுக்கு எங்கள் கம்பெனியின் பெயரைச் சூட்டுங்கள் என்று இக்கம்பெனி கேட்டது. மாணவர்கள் கொதித்தெழுந்தனர். சிறைக் காசில் கட்டிய பெயர்ப்பலகை எங்கள் திடலுக்கு வேண்டாமென்று மறியல் செய்தனர். சில வாரங்களில் கம்பெனி கொடையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. கல்லூரி மாணவரின் குரலுக்குக் கோடீசுவரன் பணிந்த அந்தச் செய்தியை நம் இளைஞர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

வாஷிங்டன் மாநிலத்தின் டக்கோமா நகரில் இதே கம்பெனி குடியேறிகளுக்கான தடுப்பு முகாமொன்றை நடத்தியது. அடைபட்டவர்கள் சமைத்தனர், துவைத்தனர், பெருக்கினர். நாளொன்றுக்குக் கூலி ஒரு டாலர்! மாநிலத்தின் குறைந்தபட்சக் கூலியைத் தரவில்லையென்று தொடுக்கப்பட்ட வழக்கில், 2021-இல், உழைத்தோருக்கு 1 கோடியே 73 இலட்சம் டாலரும் மாநிலத்துக்கு 59 இலட்சம் டாலரும் தருமாறு தீர்ப்பாயிற்று. 2025-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

உள்ளே அடைப்பதில் மட்டும் ஆதாயம் பார்த்தவர்கள், வெளியே விடுவதிலும் வழி கண்டுவிட்டனர். 2011-இல் ஜியோ கம்பெனி கணுக்காலில் மாட்டும் கண்காணிப்புக் கருவி செய்யும் நிறுவனமொன்றை விலைக்கு வாங்கிற்று. மறுவாழ்வுத் துறை என்று தனிப் பிரிவே வைத்திருக்கிறது. மறுவாழ்வு! எவ்வளவு இனிய சொல்! ஆனால் கணக்கைப் பாருங்கள்: சிறையில் இருந்தாலும் அவன் சரக்கு, வெளியே வந்தாலும் அவன் சரக்கு. அவன் திருந்தித் தன் வழியே போய்விட்டால் மட்டுமே கம்பெனிக்கு ஒரு வாடிக்கை குறைகிறது. இங்கிலாந்தும் இந்த ஆசையில் விழுந்தது. விடுதலையானோரைக் கண்காணித்து உதவும் பணியின் பெரும்பகுதியை 2014-இல் கம்பெனிகளிடம் கொடுத்தது. 2021-இல் மொத்தத்தையும் அரசே திரும்ப எடுத்துக்கொண்டது.

அமெரிக்காக்காரன் பாடு அமெரிக்காக்காரனோடு, வேலூரிலும் ஆம்பூரிலும் இருக்கும் எமக்கென்ன என்பீர். 2022-இல் உச்சநீதிமன்றத்தில் ஒரு வழக்கு விசாரணையின்போதே, பெருங்கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியைக்கொண்டு தனியார் சிறை கட்டலாமே என்ற யோசனை நீதிபதிகள் வாயிலிருந்து வந்தது. 2023-இல் மத்திய உள்துறை வகுத்த மாதிரிச் சிறைச் சட்டத்தில், விடுப்பில் செல்லும் கைதிக்குக் கண்காணிப்புக் கருவி மாட்டும் வழியும் இடம்பெற்றுவிட்டது. சிறை என்பது அரசியல் சட்டப்படி மாநிலப் பொருள். ஆகவே கதவைத் தட்டுவோர் நம் மாநிலத்தின் கதவைத்தான் தட்டுவர்.

தட்டாமலே திறந்த காலமும் உண்டு. வெள்ளையன் ஆண்டபோது, பழைய சென்னை மாகாணத்தின் குண்டூர் மாவட்டத்தில், 1913 வாக்கில் ஸ்டூவர்ட்புரம் என்றொரு குடியிருப்பு எழுந்தது. ஆளுநரின் ஆலோசனைக் குழுவிலிருந்த ஹரால்டு ஸ்டூவர்ட்டின் பெயரைத் தாங்கியது. குற்றப்பரம்பரை என்று சட்டம் முத்திரை குத்திய எருக்குல மக்களை அங்கே கொண்டுபோய் வைத்தனர். நம் குறவர் மக்களின் உறவினர் அவர்கள். பொதிமாட்டில் உப்பேற்றி ஊரூராக விற்றுப் பிழைத்தவர்கள். இரயில் வந்து அவர்கள் வாணிகத்தை விழுங்கிற்று. பிழைப்புப் போனவனைத் திருடன் என்றது சட்டம். குடியிருப்பை நடத்தும் பொறுப்பை அரசு இரட்சணிய சேனையிடம் ஒப்படைத்து மானியமும் தந்தது. தலைமை தாங்கியவர் பூத் டக்கர், முன்னாள் ஐ.சி.எஸ். அதிகாரி! லாப்பினுக்கு நூறாண்டு முன்னரே நாம் ஒரு லாப்பினைக் கண்டவர்கள், தோழர்களே. சீராலாவின் புகையிலைத் தொழிற்சாலைக்கு அக்குடியிருப்பு மக்களின் கைகள் மலிவாகக் கிடைத்தன. பெயர் கொடுத்துத்தான் வெளியே போக வேண்டும், பெயர் கொடுத்துத்தான் உள்ளே வர வேண்டும். அந்தச் சட்டம் ஒழிய 1952 ஆயிற்று. முத்திரை இன்னும் அழியவில்லை. சாதிப்படி வேலை பிரிக்கும் சிறை விதிகளும், பழைய பரம்பரைப் பட்டியலை வைத்து ஒருவனை வழக்கக் குற்றவாளியாகக் கருதும் விதிகளும் செல்லாவென்று உச்சநீதிமன்றம் சொல்ல 2024 அக்டோபர் வரை காத்திருந்தோம்!

இனி வேலூருக்கு வருவோம். அரசு நடத்தும் சிறை மட்டும் அறச்சாலையா என்று கேட்போர் உண்டு. கேட்கத்தான் வேண்டும். இராசாசி 1921-22-இல் நாட்குறிப்பு எழுதிய சிறை அது. காமராசர் கைதியாய் இருந்தபோதே விருதுநகர் நகராட்சிக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சிறை. 1962-இல் விலைவாசிப் போராட்டத்தில் அண்ணா அடைபட்ட சிறை. தலைவர்கள் இருந்த அறைக்கு வரலாறு உண்டு. அதே மதிலுக்குள் போலீசுக்காரருக்குப் பூட்சு தைக்கும் கைதிக்கு வரலாறும் இல்லை, வயிறு நிறையக் கூலியும் இல்லை. கைதியின் உழைப்புக்கு நியாயமான கூலி தர வேண்டுமென்று உச்சநீதிமன்றம் 1998-இலேயே சொல்லிவிட்டது. உணவு உடைக்கென்று ஒரு கழிவு, பாதிக்கப்பட்டோருக்கென்று ஒரு கழிவு. கழித்தபின் மிஞ்சுவதைக் கையிலெடுத்து எண்ணிப் பார்த்தவனுக்குத்தான் நியாயத்தின் எடை தெரியும்.

2024-இல் என்ன நடந்தது? ஆயுள் கைதி ஒருவரைச் சிறைத்துறை டி.ஐ.ஜி. வீட்டில் வேலை செய்ய வைத்தனர். பணம் திருடினான் என்று பழி சுமத்தி அடித்தனர். தனியறையில் அடைத்தனர் - இவ்வாறு அவருடைய தாய் சென்னை உயர்நீதிமன்றத்தில் முறையிட்டார். நீதிமன்றம் விசாரணைக்கு ஆணையிட்டது. டி.ஐ.ஜி. உள்ளிட்ட 14 பேர் மீது சி.பி.சி.ஐ.டி. வழக்குப் பதிவு செய்தது. உயர் அதிகாரிகள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். குற்றம் மெய்யா என்பதை நீதிமன்றம் முடிவு செய்யட்டும். தென்னாட்டுச் சிறை அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் கழகம் 1979 முதல் இதே வேலூரில்தான் இருக்கிறது. பாடம் சொல்லும் ஊரிலேயே இப்படியொரு புகார் எழுந்ததே, அதற்கு நாணத்தான் வேண்டும்.

ஆனால் ஒன்று பாருங்கள். எளிய தாயொருத்தியால் மாவட்டங்கள் பலவற்றுக்கு அதிகாரியானவரை நீதிமன்றத்துக்கு இழுக்க முடிந்தது. சட்டமன்றத்தில் அமைச்சரைக் கேட்கலாம். தகவல் உரிமைச் சட்டப்படி கோப்பைக் கேட்கலாம். கம்பெனியின் தலைவரை எப்படிக் கேட்பது? ஒப்பந்தத்தைக் காட்டுவார், வாணிக இரகசியம் என்பார், துணைக் குத்தகைக்காரனைக் கைகாட்டுவார்.

தோல் பதனிடும் பகுதியில் வாழும் நமக்கு இந்த வித்தை புதிதன்று. பாலாற்றைத் தோல் கழிவு பாழாக்கியதற்கு மாசு செய்தவனே ஈடு கட்டட்டும் என்று வேலூர்க் குடிமக்கள் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்சநீதிமன்றம் சொல்லிற்று. கழிவைச் சுத்திகரிக்கத் தொழிலதிபர்கள் கூடிப் பொது நிலையங்கள் அமைத்தனர். 2015 சனவரி 31-ஆம் நாள் இரவில், இராணிப்பேட்டையில் அப்படியொரு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்தது. அடுத்த தொழிற்கூடத்தில் உறங்கிய பத்துத் தொழிலாளிகள் சேற்றில் மூழ்கி மாண்டனர்; பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். எல்லார்க்கும் பொதுவான நிலையம். ஆகவே யார் தலையிலும் விடியாத பொறுப்பு! கழிவுத் தொட்டிக்கே காவலன் இல்லையென்றால், மனிதர்களைப் பூட்டிவைக்கும் தொட்டியை இவர்களிடம் எப்படிக் கொடுப்பது?

இந்திய நாட்டுச் சிறைகளில் 2022-ஆம் ஆண்டின் இறுதியில் இருந்தோர் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், தீர்ப்பே பெறாதவர்கள். தலைக்கு இவ்வளவு என்று நாள்வாடகை வாங்கும் கம்பெனி வந்தால், இவர்கள் வழக்கு விரைந்து முடிவதிலே அதற்கு என்ன அக்கறை பிறக்கும்?

கம்பெனிகள் உண்மையாகவே மறுவாழ்வுக்கு உதவ விரும்பினால் வழி இருக்கிறது. சாவி வேண்டாம், வேலை கொடுக்கட்டும். வேலூர்ச் சிறையில் பூட்சு தைக்கப் பழகியவன் விடுதலையாகி வருகிறான். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு எங்கும் காலணித் தொழிற்சாலைகள். வாசலில் நிற்பவனை ‘எங்கே வேலை பழகினாய்?’ என்று கேட்கிறார்கள். அவன் என்ன சொல்வான்? மெய் சொன்னால் வேலையில்லை. பொய் சொன்னால் போலீசு சரிபார்ப்பில் அகப்படுவான். உற்பத்தி செய்த ஊர் எது, தோல் வந்த வழி எது என்று சான்று கேட்டுச் செருப்பு வாங்கும் ஐரோப்பிய வணிகருக்கு ஆயிரம் தாள் நிரப்பித் தரும் முதலாளிகள், இந்த ஒரு மனிதனுக்காக ஒரு தாள் நிரப்ப மாட்டார்களா? சிறைத்துறை அவனுடைய தொழில் திறனுக்குச் சான்றிதழ் தரட்டும், சிறையென்ற சொல் அதில் இல்லாமல். தொழிற்சாலைகள் ஆண்டுக்கு இத்தனை பேரை எடுப்போமென்று தொழிற்சங்கங்களின் முன்னிலையில் எழுதிக் கொடுக்கட்டும். வழக்கமான கூலிக்கு, ஒரு காசு குறையாமல்.

இசுரேலில் தனியார் சிறையொன்றைக் கட்டி முடித்தேவிட்டனர். திறக்குமுன் வழக்கு வந்தது. இலாபத்துக்காக இயங்கும் கம்பெனியின் கையில் மனிதனின் விடுதலையை ஒப்படைப்பதே அவன் மாண்புக்கு இழுக்கு, கம்பெனி நன்றாக நடத்துமா தீதாக நடத்துமா என்ற கேள்விக்கே இடமில்லை என்று 2009 நவம்பரில் அந்நாட்டு உயர்நீதிமன்றம் தடுத்துவிட்டது. கட்டிய கட்டடத்தை அரசே பணம் கொடுத்து ஏற்றது. இங்கே அடித்தளத்துக்கு இன்னும் குழி தோண்டவில்லை. அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருவோரிடம், தனியார் சிறைக்கும் தனியார் கண்காணிப்புக்கும் தமிழ்நாட்டில் இடமில்லை என்று சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவருவீர்களா என்று வேலூர், ஆம்பூர், இராணிப்பேட்டைத் தோழர்கள் கேட்கட்டும். வாய்மொழியாக வேண்டாம், எழுத்தில் வாங்கட்டும்.