ஐஸில் ஒரு கிளப், அனலில் ஒரு கிளப்

வானூரில் உட்கார்ந்துகொண்டு ஐஸ் ஹாக்கி பற்றி எழுத யாருக்குத் தைரியம் வரும்? எனக்கு வந்துவிட்டது! எங்கள் பக்கம் ஐஸ் என்றால் மீன் பெட்டியில் உடைத்துப் போடுவது, இல்லாவிட்டால் குச்சி ஐஸ். மரக்காணம் பக்கம் வெள்ளை வெளேரென்று கிடப்பதைப் பார்த்துப் பனியோ என்று இறங்கிக் கால் வைத்தால், சுரீர்! அது உப்பளம் சாமி.

இருந்தாலும் விஷயம் இருக்கிறது, கேளுங்கள்.

சுவிட்சர்லாந்தில் பெர்ன் மாநிலத்தில் லாங்கன்தால் என்று ஒரு சின்ன ஊர். அங்கே 1946-ல் ஐஸ் ஹாக்கி கிளப் ஒன்று ஆரம்பித்தார்கள். அதே 1946-ல் நம்ம சென்னையில் நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப் என்று ஒரு கால்பந்து கிளப். இரண்டும் ஒரே வயசு. ஒன்று ஐஸில் சறுக்கியது, இன்னொன்று புழுதியில் உருண்டது.

நேதாஜி கிளப் பிற்பாடு பெயர் மாறி 'சென்னை சிட்டி' ஆயிற்று. 2016-17-ல் ஐ-லீக்கில் சேர்ந்தது. முதல் வருஷம் ஏதோ ஓடிற்று. பிறகு கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்துக்குக் குடிபோனார்கள். ஜாதகமே மாறிவிட்டது! 2019 மார்ச்சில் கடைசி மாட்ச். மினர்வா பஞ்சாபை 3-1 என்று சாய்த்து சாம்பியன். 43 பாயிண்ட். ஈஸ்ட் பெங்காலுக்கு 42. கல்கத்தா ஜாம்பவானை ஒரே ஒரு பாயிண்டில் தமிழ்நாட்டு டீம் முந்தியது என்றால் சும்மாவா?

அதே 2019-ல் லாங்கன்தாலும் அவர்கள் ஊர் இரண்டாவது லீகில் சாம்பியன். இன்னொரு வேடிக்கை. சுவிட்சர்லாந்தின் பெரிய கால்பந்து கிளப்பான எஃப்.சி. பாஸல் அந்த வருஷம்தான் சென்னை சிட்டியில் 26 சதவீதப் பங்கு வாங்கியது. வெள்ளைக்காரன் பணம் போட்டுவிட்டான், இனி கவலையில்லை என்று நாமெல்லாம் காலை நீட்டிக்கொண்டோம்.

அப்புறம்?

2020-21 சீஸன் ஆடினார்கள். 2021-22 ஐ-லீக் பட்டியலில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை. சாம்பியன் ஆகி மூன்றே வருஷம்! 75 வயசுக் கிளப்.

லாங்கன்தாலுக்கும் கஷ்டம் வராமலில்லை. லீக் கேட்கிற வசதிக்குப் பழைய ஐஸ் கூடம் ஈடுகொடுக்கவில்லை. புதுக் கூடம் கட்டும் திட்டமும் கைகூடவில்லை. 2023-ல் என்ன செய்தார்கள் தெரியுமா? தாங்களாகவே இரண்டாவது லீகிலிருந்து மூன்றாவது லீகுக்கு இறங்கிக்கொண்டார்கள். இறங்கினார்களே தவிர, கடையைச் சாத்தவில்லை. மூன்றாவது லீகில் ஆட்டம் தொடர்ந்தது.

அந்த நாட்டில் இறங்கி உட்காரப் படிகள் நிறைய. மூன்றாவதுக்குக் கீழே வருவதற்குப் பெயர் 'முதல் லீகா'! அதற்கும் கீழே இரண்டு, மூன்று, நான்கு. நம்மிடம் 2019-ல் ஐ-லீக் ஜெயித்தவனுக்கு ஐ.எஸ்.எல்.லுக்கு ஏற ஏணியே கிடையாது. ஏணி வைத்ததே 2022-23-ல்தான். அதற்குள் ஏற வேண்டியவர் ஊரில் இல்லை.

யாரையும் குறை சொல்ல வரவில்லை. என் கேள்வி வேறு. கிளப் என்பது யாருடையது?

கிராமத்துப் பக்கம் பனியனைப் பாருங்கள். டீம் பெயர் மார்பில் கட்டெறும்பு சைஸில் இருக்கும். முதுகில் 'உபயம்' என்று போட்டு ஒருவர் பெயர் யானை சைஸில். எலெக்ஷன் முடிகிற வரை பந்து புதுசு, வலை புதுசு, ஆட்டத்துக்கு ஆட்டம் பிரியாணி. முடிந்ததும் உபயதாரர் வரமாட்டார். டீமும் வராது. "என்னப்பா, இந்தப் பொங்கலுக்கு மேட்ச் இல்லியா?" என்றால், "ஸ்பான்ஸர் கெடைக்கலண்ணே" என்கிறான் பையன். கையும் காலும் அவனுடையது. மைதானம் வற்றிப்போன ஏரி. பந்து இருநூறு, முந்நூறு ரூபாய். இதற்கு எதற்கய்யா ஸ்பான்ஸர்?

சுவிட்சர்லாந்தில் சிவில் சட்டம் 60-ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. நாலு பேர் உட்கார்ந்து விதிகளைக் காகிதத்தில் எழுதிக்கொண்டால் சங்கம் பிறந்துவிடும். சந்தா கட்டுகிறவன் சொந்தக்காரன். பணக்காரர் வரலாம், போகலாம். சந்தாக்காரன் எங்கே போவான்? அவன் வீடே அந்தத் தெருவில்தானே!

நம்மிடமும் சட்டம் இருக்கிறது ஸ்வாமி. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. சங்கம் பதிவு செய்ய 7 பேர் இருந்தால் போதும்.

கபடிக்கும் ஏழு பேர்தான். எந்தக் கிராமத்தில் ஏழு பேர் தேறமாட்டார்கள்? மாசம் இருபது ரூபாய் சந்தா, ஒரு நோட்டு, ஒரு பேனா. முதுகில் மட்டும் யார் பெயரையும் போடாதீர்கள்.